பின்கதவுக் கண்ணாடியைச் 'சும்மா' கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: அப்பா கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். அவர் காலமான பிறகு பரணைக் காலி செய்தபோது, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பழைய காரின் சாமான்கள் ஒரு மரப்பெட்டியில் இருந்தன. முன்சக்கரம் திரும்ப உதவும் டிரன்னியன் என்ற மரை மூட்டு ஒரு ஜோடி; பழைய செய்தித்தாளில் சுற்றிய பின்கதவுக் கண்ணாடி ஒரு ஜோடி. எல்லாம் புதுசு. ஒரு வியாபாரி டிரன்னியனுக்கு மட்டும் விலை சொல்லிவிட்டு, கண்ணாடியைச் சும்மா சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறார். பழைய கார் பிரியர்களிடமே விற்கலாமா? என்ன விலை சொல்வது?
— வாசகி ஒருவர், திண்டுக்கல்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அந்தப் பெட்டியில் அபூர்வமான சரக்கே கண்ணாடிதான்.

ஹெரால்டு பிறந்தது இங்கிலாந்தில், டிரையம்ஃப் என்ற பெயரில். டிரன்னியனை அங்கே இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்; ஸ்பிட்ஃபயர் காருக்கும் அது வேண்டுமே. அதனால் வரவழைக்க ஆகும் செலவுக்கு மேல் அதற்கு யாரும் தரமாட்டார்கள். ஜோடியை மட்டும் பிரிக்காதீர்கள். ஒரு பக்கத்து மரை வலப்புறமாகத் திருகுவது, மறுபக்கத்து மரை இடப்புறமாகத் திருகுவது. ஒன்றை விற்றால் மற்றது தேங்கிவிடும்.

கண்ணாடி கதையே வேறு. இங்கிலாந்தில் சலூன் எனப்படும் கூரை மூடிய ஹெரால்டு காருக்கு இரண்டே கதவுகள். நான்கு கதவு ஹெரால்டை 1960களின் பிற்பகுதியில் நம் மெட்ராஸ் ஸ்டாண்டர்டு கம்பெனி மட்டும்தான் செய்தது. பின்கதவே இல்லாத ஊரில் பின்கதவுக் கண்ணாடிக்கு எங்கே போவது? என்னிடம் வரும் வண்டிகளிலேயே, அந்த இடத்தில் அக்ரிலிக் ஷீட்டை வெட்டி மாட்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே மனசு கேட்காது.

பழைய கார் பிரியர்களிடமே விற்றுவிடுங்கள். விலைக்கு ஒரு வழி: கார் கண்ணாடிக் கடையில், இதே அளவில் ஒரு ஜோடி புதிதாகச் செய்து டஃபன் பண்ண (சூடாக்கி உறுதியாக்க) என்ன ஆகும் என்று கேளுங்கள். அதற்கு மேல், ஒரிஜினல் என்பதற்காக நியாயமாகக் கொஞ்சம் வைக்கலாம். தொகையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். 'எவ்வளவு தருவீர்கள்' என்று ஏலம் போட்டால் இந்த வட்டத்தில் முகம் சுளிப்பார்கள். ஒருவருக்குச் சரி என்று சொன்ன பிறகு இன்னொருவர் கூடுதலாகத் தருகிறேன் என்றாலும் மாறாதீர்கள். எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்; பேச்சு பரவிவிடும்.

படம் எடுக்கும்போது மூலையில் உள்ள கம்பெனி முத்திரையையும், கீறல் இருந்தால் அதையும் கிட்டத்தில் காட்டுங்கள். நீள அகலம் எழுதுங்கள். 'எல்லா மாடலுக்கும் பொருந்தும்' என்று நீங்களாக வாக்குக் கொடுக்க வேண்டாம். வாங்குபவர் தன் கதவோடு ஒப்பிட்டுக்கொள்ளட்டும். கேட்டு வருபவர்களில் வண்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு இதற்காகவே காத்திருப்பவர் இருந்தால், கைமாற்றி விற்பவரைவிட அவருக்கே முதலிடம் கொடுங்கள். இது என் ஆசை.

விற்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு கண்ணாடியை அட்டையில் வைத்துப் பென்சிலால் விளிம்பைச் சுற்றி வரைந்து வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். டஃபன் செய்த கண்ணாடியை அப்புறம் வெட்ட முடியாது. அளவு பார்த்து வெட்டிய பிறகுதான் டஃபன் செய்வார்கள். அந்த அட்டை இருந்தால், உங்களிடம் கண்ணாடி கிடைக்காதவர்களும் செய்துகொள்வார்கள். அதற்குக் காசு வாங்காதீர்கள்.

கூரியரில் அனுப்ப வேண்டாம், நேரில் வந்து எடுத்துப் போகச் சொல்லுங்கள். இந்தக் கண்ணாடி தன் தட்டையான பரப்பில் பட்ட அடியைத் தாங்கும். விளிம்பில் பட்டால் பொடிப்பொடியாகிவிடும். அதுவரை சிமென்ட் தரையில் நிறுத்தாமல், மடித்த போர்வை மேல் வையுங்கள்.