பௌர்ணமி பார்த்து டிக்கெட் போடுங்கள்: வியட்நாமுக்குப் பண்பாட்டுப் பயணம்

கேள்வி: தீபாவளி விடுமுறையோடு சேர்த்து ஒன்பது நாள் அப்பா அம்மாவை வியட்நாம் அழைத்துப் போக நினைக்கிறேன். இருவருக்கும் அறுபத்தைந்து வயதுக்கு மேல். சுத்த சைவம். அம்மாவுக்கு மூட்டுவலி. டிராவல்ஸ்காரர் கொடுத்த திட்டத்தில் ஹனோய், சாபா, ஹா லாங், பா நா மலை, ஹோய் ஆன், சைகோன், மீகாங் எல்லாம் இருக்கின்றன. எங்களுக்குக் கோயில், கலை, மக்கள் வாழ்க்கை பார்க்கத்தான் ஆசை. இந்தத் திட்டம் சரிவருமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: சரிவராது. ஒன்பது நாளில் ஏழு இடம் என்றால் பாதிப் பொழுது பஸ்ஸிலும் ஏர்போர்ட்டிலும் போய்விடும். ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் தேதி. நீங்கள் பார்க்க விரும்புகிறவை அதிகம் இருப்பது நாட்டின் நடுப்பகுதியில்: ஹுவே, தா நாங், ஹோய் ஆன். அங்கே செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை மழை. அக்டோபர், நவம்பரில் ஆறு கரை புரண்டு ஹோய் ஆன் தெருக்களில் படகு விடுகிற நிலைமை பல வருடங்களில் வந்திருக்கிறது. தீபாவளி லீவை வேறெதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நடுப்பகுதிக்கு நல்ல காலம். அதற்குள்ளும் ஒரு பௌர்ணமியை ஒட்டிப் போங்கள் என்பதுதான் என் முக்கியமான யோசனை. பஞ்சாங்கம் பார்க்கிற வீடு என்றால் உங்களுக்கு இது சுலபம். வியட்நாமியர் விழாவுக்கும் வழிபாட்டுக்கும் இன்றும் சந்திர மாதக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள். மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும், முன்னோருக்குப் படைப்பார்கள், பகோடா என்கிற பௌத்தக் கோயிலுக்குப் போவார்கள். அன்று பலர் சைவம்தான் சாப்பிடுவார்கள். மற்ற நாளில் தேடி அலைய வேண்டிய சைவச் சாப்பாடு அந்த நாளில் சந்தைக் கடைகளிலேயே கிடைக்கும். டெட் புத்தாண்டுக்குப் பின் வரும் முதல் பௌர்ணமி இன்னும் விசேஷம். பெரும்பாலும் அது நம் மாசிப் பௌர்ணமியாகவே இருக்கும். அடுத்ததாகப் பங்குனி உத்திரத்தை ஒட்டியும் போகலாம். ஆனால் உங்கள் ஊர்ப்பக்கம் அன்று சாஸ்தா கோயிலை விட்டுவிட்டு யாரும் விமானம் ஏற மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்! டெட் நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கடைகள் மூடியிருக்கும், ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பியிருக்கும்.

வழியை இப்படி வைத்துக்கொள்ளலாம்: ஹனோயில் மூன்று இரவு, விமானத்தில் தா நாங் வந்து ஹோய் ஆனில் மூன்று இரவு, காரில் ஹுவே போய் இரண்டு இரவு, கடைசி இரவு ஹோ சி மின் நகரம் என்கிற சைகோன். அதில் சந்திர மாதத்தின் பதினான்காம் நாள் ஹோய் ஆனிலும் பதினைந்தாம் நாள் ஹுவேயிலும் விழும்படி பாருங்கள். அவர்கள் கணக்கும் நம் பஞ்சாங்கமும் சில மாதங்களில் ஒரு நாள் முன்பின் ஆகும். அதனால் வியட்நாம் நாட்காட்டியைப் பார்த்து உறுதி செய்த பிறகு பணம் கட்டுங்கள்.

சாபா வேண்டாம். ஹனோயிலிருந்து சாலை வழியாக ஐந்தாறு மணி நேரம், போனபின் ஏற்ற இறக்கம். அம்மாவின் முழங்கால் தாங்காது. மலைவாழ் மக்களின் வாழ்க்கை தெரிய ஹனோயிலேயே இனவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. நாட்டின் 54 இனங்களைப் பற்றியும் அங்கே பார்க்கலாம். பின்புறத் தோட்டத்தில் வெவ்வேறு இனத்தாரின் வீடுகளை முழு அளவில் கட்டி வைத்திருக்கிறார்கள். பஹ்னார் மக்களின் பொதுக்கூடத்துக் கூரை அண்ணாந்து பார்க்க வைக்கும். திங்கட்கிழமை விடுமுறை. இலக்கியக் கோயிலையும் விடாதீர்கள். 1070இல் கன்பூசியஸுக்காக எழுப்பப்பட்டது. தேர்வில் வென்ற அறிஞர்களின் பெயர்களைப் பொறித்த 82 கல்வெட்டுகளைக் கல் ஆமைகள் சுமக்கின்றன. மாணவர்கள் ராசிக்காகத் தலையைத் தடவித் தடவி ஆமைகள் தேய்ந்ததால் இப்போது வேலி போட்டிருக்கிறார்கள். பழைய நகரத்தில் ஹாங் மா தெருவில் ஒரு நடை நடந்துவாருங்கள். காகிதத்தில் செய்த வீடு, செல்போன், மோட்டார் சைக்கிள் எல்லாம் விற்பார்கள். முன்னோருக்காக எரிப்பதற்கு. மாலையில் நீர்ப் பொம்மலாட்டம். மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை.

பா நா மலையின் தங்கப் பாலம் 2018இல் திறக்கப்பட்டது. கேபிள் காரும் கேளிக்கைப் பூங்காவுமாக அது பொழுதுபோக்கு இடம். குழந்தைகள் கூட வந்தால் போகலாம். நீங்கள் அந்த நாளை மி சோனுக்குக் கொடுங்கள்.

மி சோன், நடு வியட்நாமை முன்பு ஆண்ட சம்பா அரசர்களின் சிவத்தலம். அந்த மக்களைத்தான் சாம் என்கிறார்கள். நாலாம் நூற்றாண்டில் பத்ரவர்மன் இங்கே பத்ரேஸ்வரருக்குக் கோயில் எழுப்பினான். 13ஆம் நூற்றாண்டு வரை கட்டிக்கொண்டே இருந்தார்கள். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் மிக உயரமான கோபுரம் தரைமட்டமானது. இங்கே ஒரு முன்னெச்சரிக்கை: மி சோனுக்கு நேரே போகாதீர்கள். அங்கிருந்த சிறந்த சிற்பங்கள் பல தா நாங்கிலுள்ள சாம் சிற்ப அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. விமானம் இறங்கியதும் அங்கே அரை நாள் செலவழியுங்கள். பள்ளிகொண்ட விஷ்ணுவின் உந்தியிலிருந்து பிரம்மன் எழும் சிற்பத்தைப் பார்த்ததும் உங்கள் அப்பாவே உங்களுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். மறுநாள் காலை, வெயில் ஏறும் முன், மி சோனுக்குப் போனால் எந்தச் சிற்பம் எந்தச் சுவரில் இருந்திருக்கும் என்று மனதுக்குள் பொருத்திப் பார்க்கலாம். செங்கல் சுவர்களை அருகில் போய்ப் பாருங்கள். செங்கற்களுக்கு இடையே சாந்து கண்ணுக்கே தெரியாது. பழைய கல் இன்னும் சிவப்பாக இருக்க, பழுதுபார்ப்பில் பின்னால் வைத்த கற்களில் பாசி ஏறியிருப்பதையும் கவனிக்கலாம். இங்குள்ள கோயில்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து எழுத்தால் குறித்திருக்கிறார்கள்; அதில் A, H, K தொகுதிகளைச் சீரமைத்தது இந்தியத் தொல்லியல் துறை. 2020இல் அவர்கள் வேலை செய்துகொண்டிருந்தபோது ஒன்பதாம் நூற்றாண்டு சிவலிங்கம் ஒன்று வெளிப்பட்டது. நுழைவாயிலிலிருந்து பேட்டரி கார் உண்டு. அதன்பிறகு கொஞ்சம் நடக்க வேண்டும்.

ஹோய் ஆனில் பதினான்காம் நாள் மாலை, பழைய தெருக்களில் மின்விளக்கை அணைத்துவிட்டு விளக்குக் கூண்டுகளை மட்டும் ஏற்றுவார்கள். கூட்டம் நெருக்கித்தள்ளும். எல்லாரும் ஆற்றங்கரையில் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் உள்தெருக்களுக்குள் போங்கள். வீட்டு வாசலில் சின்ன மேசை, அதில் பழம், பூ, ஊதுபத்தி. பக்கத்தில் தகர டப்பாவில் படையல் காகிதம் எரிந்துகொண்டிருக்கும். நின்று பார்க்கலாம், முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள்.

ஹுவே 1802 முதல் 1945 வரை ஆண்ட நுயென் அரசர்களின் தலைநகரம். கல்லறைகள் பல உண்டு, எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். காய் தின் கல்லறையில் 127 படி. நீங்கள் மட்டும் ஏறிப் பீங்கான், கண்ணாடித் துண்டுகளால் இழைத்த உள்சுவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். பெற்றோருக்குத் து துக் அரசரின் குளக்கரைத் தோட்டம் போதும். பௌத்தம் ஆழமாக வேரூன்றிய ஊர் என்பதால் சைவச் சமையலில் ஹுவேயை மிஞ்ச ஆளில்லை.

சாப்பாடு பற்றி: கடைப் பலகையில் ‘சாய்’ என்று இருந்தால் சைவக்கடை. வெறுமனே ‘காய்கறி போதும்’ என்று மற்ற கடைகளில் சொன்னால் கீரையிலும் மீன் சாறு ஊற்றித் தருவார்கள். நூடுல்ஸ் சூப் எலும்பில் காய்ச்சியதாக இருக்கும். மீன் சாறு, எலும்பு சூப், முட்டை மூன்றும் வேண்டாம் என்பதை வியட்நாம் மொழியில் போனில் எழுதி வைத்துக் காட்டுங்கள். சாய் கடையில் மீன், கோழி மாதிரியே ஒரு பதார்த்தம் வந்தால் பதற வேண்டாம், சோயாவில் செய்தது. அம்மா வெங்காயம், பூண்டு தவிர்ப்பவர் என்றாலும் பல சாய் கடைகளில் வழி உண்டு.

சைகோனில் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே போய்த் தொழில் செய்த தமிழர்கள் கட்டியது. இன்று வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர். கை நிறைய ஊதுபத்தியோடு வருகிறார்கள். கருவறைக்குப் பின்பக்கச் சுவரில் நெற்றியை வைத்து முணுமுணுத்து வேண்டிக்கொள்கிறார்கள். மீகாங்குக்குப் போவதை விட்டுவிட்டு அந்த நேரத்தில் இங்கே நிதானமாக உட்கார்ந்திருக்கலாம்.

விசா: அரசு இணையதளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர், 90 நாள் வரை. நம்மவர்களுக்கு இனிஷியல், அப்பா பெயர் குழப்பம் உண்டு, பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள். 2025 ஜூலையில் மாகாணங்களை இணைத்ததில் ஹோய் ஆனும் மி சோனும் இப்போது தா நாங் நகரத்துக்குள் வருகின்றன, முகவரி மாறியிருந்தால் குழம்பாதீர்கள். அப்புறம், 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீல நிறம். அவசரத்தில் மாற்றிக் கொடுத்தால் இருபத்தைந்து மடங்கு போய்விடும். பின்பக்கம் ஹோய் ஆனின் ஜப்பானியப் பாலம் இருந்தால் அது இருபதாயிரம். அப்பாவிடம் பர்ஸைக் கொடுக்கும் முன் இதைக் காட்டிவிடுங்கள்.