பூட்டப்போகும் வீடு

அன்புள்ள ஐயா,

வணக்கம். தேவகோட்டையில் என் கணவரின் பூர்வீக வீட்டில் இருக்கிறோம். அவருக்கு அலுவலகத்தில் இரண்டு ஆண்டுகளுக்குச் சிங்கப்பூர் மாற்றல் வந்திருக்கிறது. 9 வயது மகளையும் 4 வயது மகனையும் அழைத்துக்கொண்டு நானும் போகிறேன். வீடு நான்கு புள்ளிக்கும், அதாவது நான்கு பங்காளிக் குடும்பங்களுக்கும், பொது. மற்ற மூன்று புள்ளிக்காரர்களும் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் வருவார்கள். அயித்தைக்கு, என் மாமியாருக்கு, 73 வயது. "நான் இருந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்கிறார். கணவருக்கும் அதுவே சரி என்று படுகிறது. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. எதை எடுத்துப்போவது, வீட்டை என்ன செய்வது என்று தலை சுற்றுகிறது. செட்டிநாட்டாருக்கு வெளிநாடு போவது புதிதல்ல என்று எழுதியிருந்தீர்கள். எங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை திணறல்?

எம்., தேவகோட்டை

அன்புள்ள எம்.,

புதிதல்லதான். ஆனால் அன்று போனவர்கள் யார் என்று பாருங்கள். வட்டிக்கடை ஏஜெண்டு போனார், அவருக்கு உதவியாக அடுத்தாள் போனார், கடை எடுபிடியாகப் பெட்டியடிப் பையன் போனான். பர்மாவிலோ மலேயாவிலோ மூன்றாண்டுக் கணக்கை முடித்துவிட்டுத் திரும்பினார்கள். வீட்டுப் பெண்களான ஆச்சிமார் இங்கேதான் இருந்தார்கள். ஒரே வீட்டுக்குள் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக உலை வைத்தது. யார் கப்பலேறினாலும் முகப்புக் கதவு காலையில் திறந்தது, வாசலில் கோலம் விழுந்தது. ஆகவே நம் ஊருக்குப் பயணம் போகத் தெரியும். வீட்டைப் பூட்டத் தெரியாது, அதற்குத் தேவையே வந்ததில்லை. உங்கள் வீட்டை அடுப்பெரியாத வீடாக விட்டுவிட்டு எல்லாரும் கிளம்புவது அநேகமாக இதுதான் முதல் முறை. திணறல் இயல்பானது.

முதலில் உங்கள் மாமியார். உங்களுக்கு மனம் ஒப்பாதது சரியே. அவரைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போவதாகத்தான் இந்த ஏற்பாடு முடியும். பகலில் பரவாயில்லை. மழை நாளில் இரவு இரண்டு மணிக்கு நனைந்த நடுவாசலைக் கடந்து பின்கட்டுக்குப் போகிறவர் வழுக்கி விழுந்தால், உள்ளே பட்டாலைக் கூடத்திலிருந்து கத்தினால்கூடத் தெருவுக்குக் கேட்காத வீடு அது. அவரிடம் பேசுங்கள், ஆனால் மகனை வைத்துக்கொண்டு பேசாதீர்கள். மகன் எதிரில் கேட்டால் "எனக்கென்ன, நான் இருந்துகொள்வேன்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. அந்தத் தலைமுறைக்கு அப்படித்தான் பேச வரும்.

உடன் அழைத்துப்போக முடியுமா என்பது கணவரின் சம்பளத்தைப் பொறுத்தது. சிங்கப்பூரில் வேலை அனுமதி பெற்றவர் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள மாதம் 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் வேண்டும். பெற்றோரையும் நீண்டகால அனுமதியில் வைத்துக்கொள்ள 12,000 வெள்ளி. அது எட்டவில்லை என்றால் காரைக்குடியில் உறவினர்கள் இருக்கிற தெருவில் சின்ன வீடாக வாடகைக்குப் பிடிப்பதுதான் என் யோசனை. இல்லை, இங்கேயே இருக்க அவருக்கே மெய்யாக விருப்பம் என்றால் இருக்கட்டும். இரவுத் துணைக்குச் சம்பளத்துக்கு ஒரு பெண், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, எதிர்வீட்டில் ஒரு சாவி, இவை மூன்றும் நீங்கள் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே நடப்பில் இருக்கவேண்டும். வீட்டுப் பராமரிப்பை மட்டும் அவர் தலையில் கட்டாதீர்கள். அது வேறு ஆளின் வேலை.

என்ன வேலை என்று கேட்பீர்கள். நம் வீடுகள் ஆள் புழங்குவதற்காகக் கட்டியவை. நான்கு பக்கக் கூரைத் தண்ணீரும் நடுவாசலில் வந்து விழுகிறது. அங்கிருந்து தரைக்கடியில் போகும் வடிகால் வழியாக வெளியேறுகிறது. அந்த வடிகாலின் வாயில் நான்கு வேப்பிலைச் சருகும் புறாச் சிறகும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் போதும். ஐப்பசி அடைமழையில் தண்ணீர் நடுவாசலைச் சுற்றியுள்ள வளவுக்கு ஏறும், அங்கிருந்து அறை வாசற்படியைத் தாண்டும். ஆள் இருக்கிற வீட்டில் யாராவது ஒரு குச்சியை விட்டுக் குத்தி எடுத்துவிடுவார்கள். பூட்டிய வீட்டில் அது தெரியவருவதே பங்காளி யாராவது படைப்புக்கு வந்து கதவைத் திறக்கும்போதுதான். எனவே புரட்டாசி முடிவதற்குள் கூரை ஓடு மாற்றுவதையும் வடிகால் எடுப்பதையும் முடித்துவிடுங்கள், அடுத்த ஆண்டுக்கும் இப்போதே ஆள் பேசிவிடுங்கள்.

பர்மாத் தேக்குத் தூணைக் கறையான் சுலபத்தில் தொடாது என்ற தெம்பில் இருக்கவேண்டாம். மேல்மாடி அறையில் காகிதக்கட்டும் பாயும் பழைய பெட்டியும் இருக்கின்றனவே, அவற்றிலிருந்து தொடங்கும். பத்திரங்களைத் தரையோடும் சுவரோடும் ஒட்டாத இரும்புப் பெட்டிக்கு மாற்றுங்கள். ஆத்தங்குடிக் கல் துடைக்கத் துடைக்க, கால் படப் படத்தான் பளபளக்கும். இரண்டு ஆண்டு தூசி படிந்தால் பிறகு எவ்வளவு தேங்காயெண்ணெய் தேய்த்தாலும் பழைய முகம் வரச் சற்று நாளாகும். வாரம் ஒரு நாள் எல்லாச் சன்னலையும் திறந்து, பெருக்கித் துடைத்து, போர் மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட ஒருவர் வேண்டும். குளிர்பதனப் பெட்டியைக் காலி செய்து கதவைத் திறந்தே வையுங்கள்.

இந்த ஆளின் சம்பளத்தை நீங்கள் மட்டும் கொடுப்பதாக ஒப்புக்கொள்ளாதீர்கள். நான்கு புள்ளியும் போட்டு ஒரு பொதுக் கணக்கு, யாரிடம் எந்தச் சாவி, யாருக்கு என்ன சொல்ல உரிமை என்று ஒரு தாளில் எழுதி நால்வரும் கையெழுத்திடட்டும். கல்யாண மொய்யை ஏட்டில் எழுதி வைக்கிற ஊரில் இதற்கு ஏன் கூச்சம்? பாத்திரம், எனாமல் சாமான், பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பெட்டி, கதவின் பித்தளைக் குமிழ் எல்லாவற்றையும் அறை அறையாகப் படம் எடுத்து வையுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சுற்றியவர்களுக்கு நான் ஏன் சொல்கிறேன் என்று தெரியும்.

காகித வேலையில் அதிகம் பயப்பட ஒன்றுமில்லை, தள்ளிப்போடாமல் இருந்தால் சரி. வேலைக்காக வெளிநாடு போகிறவரின் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ எனப்படும் வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக மாற்றவேண்டும், அதை வங்கியில் சொல்லிவிட்டுப் போங்கள். பவர் பத்திரத்தை இங்கேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் முடித்துக்கொள்வது நல்லது. அங்கே எழுதினால் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி, பத்திரம் இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டவேண்டும். எழுதும்போது இன்னின்ன காரியத்துக்கு என்று குறிப்பிட்டு எழுதுங்கள். வரி கட்டவும் மின்வாரியத்துக்குப் போகவும் வேண்டிய ஆளுக்கு விற்கும் உரிமை எதற்கு? எல்லாவற்றையும்விட அதிகம் பேரைத் திண்டாட வைப்பது கைபேசி எண். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் நீங்கள் அங்கே பதிவு செய்திருக்கும் இந்திய எண்ணுக்கு வரும். 90 நாள் பயன்பாடே இல்லாத எண்ணை முடக்கிவிடலாம் என்பது விதி. குறைந்தபட்ச ரீசார்ஜை யாராவது விடாமல் போடட்டும்.

மகளின் பள்ளியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யோசிக்கவேண்டியது அது. அங்கே கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அரசுப் பள்ளியில் வெளிநாட்டுக் குழந்தைக்கு நுழைவுத் தேர்வு உண்டு, தேறினாலும் இடம் உறுதியில்லை. இரண்டே ஆண்டில் திரும்பப்போகிறவர்களுக்கு நம் பாடத்திட்டம் நடக்கிற தனியார் பள்ளிதான் தோது. கட்டணத்தைக் கணவரின் நிறுவனத்திடம் இப்போதே பேசச் சொல்லுங்கள். மாற்றுச் சான்றிதழோடு இருவரின் தடுப்பூசி அட்டையையும் கையில் வையுங்கள். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தட்டம்மை, தொண்டை அடைப்பான் ஊசி போட்ட சான்று இல்லாமல் அங்கே தங்க அனுமதி கிடைக்காது.

எடுத்துப்போகும் சாமான்? குறைவாக. தமிழ் ஆட்சிமொழியாக இருக்கிற ஊருக்குப் போகிறீர்கள். டேங்க் ரோட்டில் நகரத்தார் 1859-இல் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது, தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படுகிறது. குத்துவிளக்கைச் சுமந்துகொண்டு போகவேண்டியதில்லை. மின்சாரம் நம் அளவுதான், மிக்ஸி ஓடும், பிளக் மட்டும் சதுர முள்ளாக மாற்றிக்கொள்ளவேண்டும். தூக்க மாத்திரையோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ யாருக்காவது தேவையென்றால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். சீப்புச் சீடை, மனகோலம் போன்ற பலகாரங்களை டப்பா டப்பாவாகக் கட்டலாம். அஞ்சறைப் பெட்டியை மட்டும் நீங்களே ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள், கசகசா ஒரு சிட்டிகைகூட இருக்கக்கூடாது. அங்கே அது போதைப்பொருள் கணக்கில் வருகிறது. குருமாவுக்கு முந்திரியை அரைத்துவிடுங்கள்.