விமானத்தில் வருமா கொடிய கிருமி? குமரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

எங்கோ ஒரு நாட்டில் ஆளைக் கொல்லும் வைரஸ் என்று செய்தி ஓடினால், நம் மாவட்டத்துக்கு அது தூரத்துச் செய்தி இல்லை. வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு இங்கே குறைவு. திருவனந்தபுரம் விமான நிலையமோ நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம்தான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதைப் பற்றியே கேட்டிருந்தன.

விமான நிலையத்தில் காய்ச்சல் கேமரா வைத்து எல்லோரையும் பார்க்கிறார்கள். பிறகு எப்படி நோய் ஊருக்குள் வருகிறது? சோதனையை ஒழுங்காகச் செய்வதில்லையா?
– வாசகர், மார்த்தாண்டம்

ஒழுங்காகவே செய்தாலும் வரும். அந்தக் கேமரா பார்ப்பது தோலின் சூட்டை மட்டும்தான். கிருமி உடலுக்குள் போன அன்றே யாருக்கும் காய்ச்சல் வந்துவிடாது. ஒட்டகத்திலிருந்து தொற்றும் மெர்ஸ் என்ற சுவாச நோய்க்கு 2 முதல் 14 நாள், வவ்வாலிலிருந்து வரும் நிபாவுக்குப் பெரும்பாலும் 4 முதல் 14 நாள், எபோலாவுக்கு 2 முதல் 21 நாள் ஆகும். துபாயிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நாலு மணி நேரப் பறப்பு. இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், நோய் தொற்றிய ஒருவர் தெம்பாக நடந்து வெளியே வர எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று புரியும். இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு பாரசிட்டமால் போட்டவருக்கு, இருக்கிற காய்ச்சலும் கேமராவில் தெரியாது.

2015இல் தென்கொரியாவில் இதுதான் நடந்தது. வளைகுடா நாடுகளுக்குப் போய்விட்டு மே 4ஆம் தேதி ஊர் திரும்பிய ஒருவருக்கு அப்போது எந்தத் தொந்தரவும் இல்லை. ஒரு வாரம் கழித்துத்தான் காய்ச்சல். ஒவ்வொரு மருத்துவமனையாக ஏறி இறங்கினார். எங்கெல்லாம் போய் வந்தார் என்ற முழு விவரம் மருத்துவர்களுக்குக் கிடைக்கவில்லை. மே 20ஆம் தேதி மெர்ஸ் என்று உறுதியாவதற்குள் வார்டுகளில் பரவிவிட்டது. முடிவில் 186 பேருக்குத் தொற்று, 38 பேர் இறந்தார்கள். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியை எந்தக் கேமராவும் பிடித்திருக்க முடியாது. காய்ச்சல் வந்த அன்று முதல் மருத்துவரிடம் 'இந்த நாட்டிலிருந்து வந்து இத்தனை நாள்' என்ற ஒரு வாக்கியம் தெளிவாகப் போயிருந்தால் நிலைமை மாறியிருக்கும்.

அதற்காக விமான நிலையச் சோதனையை வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிய நோயோடு வருபவரை அங்கேயே பிரித்துவிடலாம், பயணிகளின் விவரமும் பதிவாகும். 2022 ஜூலையில் இந்தியாவின் முதல் குரங்கம்மை நோயாளி இதே திருவனந்தபுரம் விமான நிலையத்தில்தான் இறங்கினார். நோய் உறுதியானதும் அவர் பக்கத்து இருக்கைகளில் வந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கண்காணித்தார்கள். இப்படித் தேடும்போது வேலை கெடுவது தொலைபேசி எண்ணில்தான். படிவத்தில் வளைகுடா எண்ணை எழுதிவிட்டு, இங்கே வந்ததும் அந்த சிம்மைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வீட்டில் எடுக்கிற எண்ணை எழுதுங்கள். இருக்கை எண் உள்ள போர்டிங் பாஸை 21 நாள் வரை தூக்கிப் போடாதீர்கள்.

விமானத்தில் ஒரே காற்றைத்தானே எல்லோரும் சுவாசிக்கிறோம்? ஒருவருக்கு நோய் இருந்தால் அத்தனை பேருக்கும் வந்துவிடாதா?
– வாசகி, குளச்சல்

அப்படி ஆவதில்லை. காற்று தலைக்கு மேலிருந்து இறங்கி, தரையை ஒட்டிய பக்கச் சுவர் வழியாக வெளியேறும். நீளவாக்கில், முன்னிருந்து பின்னாக அது அதிகம் ஓடாது. மணிக்கு 20 முதல் 30 முறை கேபின் காற்று மாறுகிறது. அதில் ஏறக்குறைய பாதி வெளிக்காற்று, மீதி ஹெப்பா வடிகட்டி வழியாகத் திரும்பி வருவது. அந்த வடிகட்டி மிக நுண்ணிய துகள்களிலும் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். அதனால் முக்கியமான ஆபத்து நோயாளியின் வரிசையிலும், முன்னும் பின்னும் இரண்டு வரிசைகளிலும்தான்.

இதற்கு விலக்கும் உண்டு. 2003 மார்ச்சில் ஹாங்காங்கிலிருந்து பெய்ஜிங் போன மூன்று மணி நேர விமானத்தில், சார்ஸ் என்ற சுவாச நோய் வந்த ஒருவரிடமிருந்து ஏறக்குறைய 20 பேருக்குத் தொற்றியது. சிலர் அவருக்கு ஏழு வரிசை முன்னால் இருந்தவர்கள். மாறாக, 2014இல் லைபீரியாவிலிருந்து அமெரிக்காவின் டல்லாஸ் நகருக்குப் போன எபோலா நோயாளியிடமிருந்து சக பயணி ஒருவருக்கும் தொற்றவில்லை. பயணத்தின்போது அவருக்கு அறிகுறி இல்லை. எபோலா, அறிகுறி வந்த பிறகு ரத்தம், வாந்தி, பேதி போன்றவற்றைத் தொடுவதால் தொற்றுவது. அவரைக் கவனித்த இரண்டு செவிலியர்களுக்குத்தான் தொற்றியது.

காற்று சரியாக மாறாத நேரங்கள் வேறு: எஞ்சின் முழுதாக இயங்காமல் ஏறி உட்கார்ந்து காத்திருக்கும்போது, இறங்கியதும் நடுவழியில் நெருக்கியடித்து நிற்கும்போது, குடியேற்ற வரிசையில். முகக்கவசத்தை எல்லோரும் கழற்றிப் பையில் போடுவதும் இந்த நேரங்களில்தான்! என்95 அணிந்து மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்தி, பலமாக மூச்சு விட்டுப் பாருங்கள். கண்ணில் காற்று பட்டால் கம்பி சரியாகப் படியவில்லை. அடர்ந்த தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். தலைக்கு மேலுள்ள காற்றுக் குழாயை மூடாதீர்கள். பக்கத்து இருக்கைக்காரர் சாப்பிட்டு முடித்துக் கவசம் போட்ட பிறகு நீங்கள் சாப்பிடுங்கள்.

மகன் சவூதியில் நிக்கிறான். தங்கச்சி கல்யாணத்துக்கு லீவில் வருகிறான். வந்ததும் அவனைத் தனியாக வைக்க வேண்டுமா? வீட்டில் வயதான மாமியார் இருக்கிறார்கள்.
– ஒரு தாய், தக்கலை

எந்த நோயாளியோடும் பழகவில்லை, அங்குள்ள மருத்துவமனையில் வேலை பார்க்கவில்லை, ஒட்டகப் பண்ணைப் பக்கம் போகவில்லை, உடம்பும் நன்றாக இருக்கிறது என்றால் பிள்ளையைத் தனியாக வைக்க வேண்டியதில்லை. கல்யாண வேலைகளைப் பார்க்கட்டும். 14 நாள் காலையும் மாலையும் டிஜிட்டல் தெர்மாமீட்டரில் சூடு பார்த்துக் காலண்டரிலேயே குறித்து வையுங்கள். சாயா குடித்த வாயோடு பார்த்தால் கணக்கு தப்பும், கால் மணி நேரம் விட்டு நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும்.

100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, இருமலும் மூச்சுத் திணறலும் வந்தாலோ, பஸ் ஏறி கிளினிக் வரிசையில் போய் உட்காரக் கூடாது. களியக்காவிளை தாண்டி ஒரு மருத்துவமனை, குணமாகாவிட்டால் நாகர்கோவிலில் இன்னொன்று என்று அலைவதும் ஆபத்து. தென்கொரியாவில் பரவியது அப்படித்தான். முதலில் மருத்துவ உதவி எண் 104க்குப் பேசுங்கள். மூச்சு வாங்கினால் ஆம்புலன்சுக்கு 108. இரண்டிலும் எந்த நாடு, வந்து எத்தனை நாள் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும், சீட்டு எடுக்கும் இடத்திலேயே சொல்லிவிடுங்கள். காய்ச்சல் என்றதும் பதற வேண்டாம், டெங்கு, எலிக்காய்ச்சல் போல நம்மூரில் சாதாரணமாக வருவதாகவும் இருக்கலாம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்றால் மலேரியா ரத்தப் பரிசோதனையை அன்றைக்கே செய்தாக வேண்டும். காரணம் தெரியும் வரை ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேண்டாம். பாரசிட்டமால் போட்டால் நேரத்தைக் குறித்து வையுங்கள்.

ஆம்புலன்ஸ் வரும் வரை கழிவறை ஒட்டிய அறையில், வெளிப்பக்க ஜன்னலைத் திறந்துவைத்து இருக்கட்டும். கவனிப்பது ஒரே ஆளாக இருக்க வேண்டும். மாமியாரும் கர்ப்பிணிகளும் அந்த அறைக்குள் போகக் கூடாது.

வாந்தி, பேதி தரையில் விழுந்தால் உடனே துடைப்பத்தை எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து, வண்டல் அடியில் தங்கியதும் தெளிவை எடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, பழைய துணியால் அந்த இடத்தை மூடி, துணி நனையும்படி ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைத்து எடுக்க வேண்டும். கதவுக் கைப்பிடி, சுவிட்ச், தரைக்கு லிட்டருக்கு 3 கிராம் போதும். அலுமினியப் பாத்திரத்தில் கலக்காதீர்கள், உலோகத்தை அரிக்கும். நேற்றுக் கலந்தது இன்றைக்கு உதவாது. மாதக்கணக்கில் வாய் திறந்து கிடந்த பாக்கெட்டில் குளோரின் போயிருக்கும், காரமான நெடி இல்லாவிட்டால் அது வெறும் சுண்ணாம்புத் தூள்தான். கழிவறை கழுவும் ஆசிட்டோடு இதை ஒருபோதும் சேர்க்காதீர்கள். நுரையீரலைத் தாக்கும் நச்சுவாயு கிளம்பும். சிலர் வந்தவரின் மேலேயே பிளீச்சிங் தண்ணீரைத் தெளிக்கிறார்கள். அது கண்ணையும் தோலையும் புண்ணாக்குமே தவிர, உடலுக்குள் இருக்கும் கிருமியை ஒன்றும் செய்யாது. அப்படி அவமானப்பட்டவரைப் பார்த்த அடுத்த ஆள், காய்ச்சலை மறைத்துவிடுவார்.

உம்ரா போகிறோம். மெர்ஸ் நோய்க்குப் பயந்து பயணத்தைத் தள்ளிப்போட வேண்டுமா?
– வாசகர், தேங்காப்பட்டணம்

வேண்டாம். ஒட்டகத்தைத் தொட்டுப் படம் எடுப்பது, காய்ச்சாத ஒட்டகப் பால், வேகாத ஒட்டக இறைச்சி, இவற்றைத் தவிர்த்தால் போதும். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கலந்துவிட்டுப் போங்கள், அவர்களுக்குத்தான் மெர்ஸ் கடுமையாகும்.

கேரளத்தில் நிபா வந்தால் அக்கானி (பதநீர்) குடிக்கலாமா?
– வாசகர், திங்கள்சந்தை

நிபா கிருமி பழந்தின்னி வவ்வாலின் எச்சிலிலும் சிறுநீரிலும் இருக்கும். வங்கதேசத்தில் ஈச்சமரத்துப் பச்சைச் சாற்றைக் குடித்தவர்களுக்கு அந்த வழியாகவே வந்தது. நம்மூரில் பனையின் கலயத்தைச் சுற்றி மூங்கில் தட்டியோ வலையோ கட்டி வவ்வால் அண்டாமல் செய்திருந்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். தெரியாத இடத்து அக்கானியை, நிபா செய்தி வந்திருக்கும் காலத்தில் பச்சையாகக் குடிக்காதீர்கள். கருப்புக்கட்டிக்குக் காய்ச்சும்போது கிருமி செத்துவிடும், அதில் பயமில்லை. பல் பதிந்த, கொத்திய மாம்பழம், கொல்லாம்பழம் எதையும் வெட்டிவிட்டு மீதியைத் தின்னக் கூடாது, முழுதாக எறிந்துவிடுங்கள். கிணற்றுக்கு வலை போடுங்கள்.

கப்பல் வேலைக்கு ஆப்பிரிக்கா போகிறேன். மஞ்சள் காய்ச்சல் ஊசி எப்போது போட வேண்டும்?
– வாசகர், முட்டம்

பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பு. அதற்குக் குறைவான நாளில் போட்டால் சான்றிதழ் செல்லுபடியாகாது. அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும், பாஸ்போர்ட்டைக் கொண்டுபோங்கள். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும். முட்டை ஒவ்வாமை இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். அந்த நோய் உள்ள நாட்டிலிருந்து சான்றிதழ் இல்லாமல் திரும்பினால், இங்கே ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். மஞ்சள் அட்டையாகத் தரும் இந்தச் சான்றிதழின் நகலை ஏற்க மாட்டார்கள், அசலைப் பாஸ்போர்ட்டோடு கையில் வைத்திருங்கள், பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.