கர்ப்பப்பைக்குள்ள கேமரா விட்டு பாக்கணுமாம், வலிக்குமா?

மேலூர் பக்கமிருந்து 44 வயசு அக்கா ஒருத்தவங்க கேட்டிருக்காங்க: மூணு மாசமா தீட்டு நிக்காம போகுது, ஸ்கேன்ல உள்ள சதை வளர்ந்திருக்குன்னு வந்திருக்கு, டாக்டரம்மா ஹிஸ்டரோஸ்கோபி பண்ணணும்னுட்டாங்க, ரெண்டு பிள்ளையும் சிசேரியன், வலிக்குமா, அப்படியே பையை எடுத்துருவாங்களா, பூக்கட்ட எப்ப உக்காரலாம்னு.

பையை எடுக்குற ஆபரேஷன் இல்லக்கா இது. வயித்துல கத்தியே படாது, கீழ வழியா 3 லேர்ந்து 5 மில்லிமீட்டர் தடிமன்ல ஒரு கேமரா குழாய் போகும். பை உள்ளுக்குள்ள ஒட்டிக்கிட்டு இருக்கும்ல, சலைன்ங்கிற உப்புத்தண்ணி விட்டு விரிச்சாத்தான் டிவில தெரியும், அப்ப அடிவயிறு இறுக்கி பிடிக்கும், தண்ணி கீழ வழிஞ்சு துணி நனையும், என்னமோ ஆகிப்போச்சுன்னு பதறாதீங்க. பாக்க மட்டும்னா பத்து பதினஞ்சு நிமிஷம், சதையையும் எடுத்தா இன்னும் கொஞ்சம் ஆகும்.

வலி ஆளுக்கு ஆள் மாறும், "ஒண்ணுமே தெரியாது"ன்னு யாராச்சும் சொன்னா முழுசா நம்பாதீங்க. சுகப்பிரசவம் ஆனவங்களுக்கு கர்ப்பப்பை வாய் கொஞ்சம் இளகி இருக்கும், உங்களுக்கு இறுக்கமா இருக்கலாம், அதனால ரெண்டும் சிசேரியன்னு கண்டிப்பா சொல்லிருங்க. மயக்கம் குடுப்பீங்களா, சதையையும் அன்னைக்கே எடுத்துருவீங்களான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. மயக்கம்னா வழக்கமா 6 மணி நேரம் முன்னாடியே சாப்பாட நிறுத்தணும், கூட ஒரு ஆள் வரணும். மயக்கம் இல்லாம பண்ணி நடுவுல தாங்க முடியலன்னா நிறுத்துங்கன்னு சொல்லலாம், தப்பே இல்ல.

தீட்டு நின்ன கையோட பண்ணாத்தான் உள்ள தெளிவா தெரியும், உங்களுக்கு நிக்கவே இல்லங்கிறதால மொதல்ல நிறுத்த மாத்திரை குடுக்கலாம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறீங்கன்னா சொல்லிருங்க, நீங்களா நிறுத்தாதீங்க.

பெரும்பாலும் அன்னைக்கே வீட்டுக்கு வந்துரலாம். ரெண்டு நாள் வலி, சில நாள் லேசா ரத்தம், இது சகஜம், ஒரு வாரம் வீட்டுக்காரரோட சேர வேணாம். பூக்கட்டுறது உக்காந்து செய்ற வேலைதான, ஒண்ணு ரெண்டு நாள்ல உக்காரலாம், கூடை தூக்குறத மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடுங்க. காய்ச்சல், நாத்தத்தோட வெள்ளை, மணிக்கு ஒரு பேடு நனையுறது, குறையாத வயித்துவலி, இதுல எது வந்தாலும் ராத்திரின்னு பாக்காம ஆஸ்பத்திரிக்கு கிளம்பிருங்க, பெரியாஸ்பத்திரி எந்நேரமும் தொறந்துதான் இருக்கு.

"பேசாம பையை எடுத்துரு, நிம்மதி"ன்னு சொந்தக்காரங்க சொல்லத்தான் செய்வாங்க, எடுத்த சதையை லேப்ல சோதிச்சு சொல்ற பயாப்ஸி ரிசல்ட் பாக்காம அந்த முடிவுக்கு போகாதீங்க. ரத்தம் நின்னுருச்சேன்னு அந்த ரிப்போர்ட்ட வாங்காமலே விட்டுர்றவங்க இருக்காங்க, நீங்க மறக்காம வாங்கி டாக்டரம்மாகிட்ட காட்டிருங்க.