விடுப்பு முடிந்து வருபவருக்கு எந்த வேலையைக் கொடுப்பது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மசாலாப் பொடி அரைத்துப் பொட்டலம் கட்டும் சிறு தொழிற்கூடத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண் ஊழியர் ஒருவர் இரண்டு மாதங்களாக வரவில்லை. சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பும் தீர்ந்துவிட்டது. "முழுதாகக் குணமானால் வரட்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்போம்" என்கிறார் முதலாளி. எனக்கோ அந்த ஊழியரைத் தொலைபேசியில் அழைக்கவே தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: தயங்காமல் அழையுங்கள். நலம் விசாரிப்பது தொந்தரவு ஆகாது, வாரந்தோறும் "எப்போது வருவீர்கள்?" என்று கேட்பதுதான் தொந்தரவு.

1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டப்படி, வாரத்திற்கு ஐந்து நாள் வேலை செய்பவருக்கு 36 மாதங்களில் 30 நாட்கள் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. அது தீர்ந்துவிட்டது என்பதற்காக மட்டும் ஒருவரை நீக்கிவிட முடியாது என்பதை முதலாளியிடம் சொல்லுங்கள். இயலாமை எவ்வளவு காலம் நீடிக்கும், வேலையை மாற்றியமைக்க முடியுமா, வேறு பணி உண்டா என்பதையெல்லாம் ஊழியரின் தரப்பையும் கேட்டு ஆராய்ந்த பிறகே நீக்கத்தைப் பற்றி யோசிக்கலாம். அவ்வாறு செய்யாமல் நீக்கினால் அவர் 30 நாட்களுக்குள் தொழில் தகராறுகளை விசாரித்துத் தீர்க்கும் அமைப்பான சிசிஎம்ஏவில் முறையிடலாம். சம்பளமில்லாத வாரங்களுக்கு யுஐஎஃப் எனப்படும் வேலையின்மைக் காப்பீட்டு நிதியிலிருந்து நோய்க்கால உதவித்தொகை கோர வழியிருக்கிறது. அதற்கான படிவத்தில் நிறுவனம் நிரப்ப வேண்டிய பகுதியைத் தாமதிக்காமல் நிரப்பிக் கொடுங்கள்.

அடுத்தது மருத்துவர். நோயின் விவரம் உங்களுக்குத் தேவையில்லை, அதைக் கேட்பதும் முறையல்ல. ஊழியரின் சம்மதத்துடன், அவர் எவ்வளவு நேரம் நிற்கலாம், எத்தனை கிலோ தூக்கலாம், குனியலாமா என்று எழுதிக் கேளுங்கள். "இலகுவான வேலை" என்று மட்டும் எழுதிய சான்றிதழை வைத்துக்கொண்டு எந்த மேற்பார்வையாளரும் எதையும் தீர்மானிக்க முடியாது. மிளகாய் மூட்டை தூக்குவதை விட்டு, எடை சரிபார்ப்பதும் லேபிள் ஒட்டுவதுமாக அவருக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம். ஆனால் நாள் முழுவதும் ஸ்டூலில் உட்கார வைப்பது பெரும்பாலும் முதுகுக்கு ஆகாது (இதைக் கருணை என்று நினைத்துச் செய்பவர்கள் பலர்). இடையிடையே எழுந்து நடக்க இடம் கொடுங்கள்.

முதல் சில வாரங்கள் அரை நாள் வேலை என்று முடிவானால், அந்த நாட்களுக்கு எவ்வளவு சம்பளம், எந்தத் தேதியில் மீண்டும் பேசுவது என்பவற்றை அவர் வருவதற்கு முன்பே எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அவருடைய மூட்டைகளை யார் தூக்குவது என்பதையும் மற்றவர்களிடம் நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். அதை அவர் வாயால் கேட்க வைக்காதீர்கள்.