ஆன்டெனா இல்லாத ரூட்டர் யாருக்கு வேண்டும்?

குன்னூரில் வீடு, கடைகளுக்கு நெட்வொர்க் ஒயரிங் செய்கிறேன். மலையில் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை.

வெலிங்டனிலிருந்து ஒருவர்: ஃபைபர் லைன் கொடுத்தவர்கள் வைத்த பெட்டியிலேயே வைஃபை வருகிறது. தனியாக ரூட்டர் வேண்டுமா அண்ணா?

நாலு போன், ஒரு டிவிதான் என்றால் வேண்டாம். இருப்பதை வைத்தே ஓட்டுங்கள்.

கோத்தகிரி, ஹோம்ஸ்டே நடத்தும் அம்மா: பழைய பங்களா தம்பி, ஒன்றரை அடி கல்சுவர். எத்தனை ஆன்டெனா உள்ளதை வாங்கினால் கடைசி அறைவரை எட்டும்?

எட்டு ஆன்டெனா இருந்தாலும் எட்டாதும்மா. அந்தக் காசில் வைஃபையே இல்லாத வயர் ரூட்டர் ஒன்று வாங்கி, அதிலிருந்து மூன்று பக்கம் கேபிள் இழுத்து, கேபிள் முடியும் இடத்தில் ஆக்சஸ் பாயின்ட், அதாவது வைஃபை மட்டும் கொடுக்கும் பெட்டி, மாட்டுங்கள். மைக்ரோட்டிக் ஹெக்ஸ், டிபி-லிங்க் ஈஆர்605 என்ற இரண்டு மாடலிலும் ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் ஐந்து உண்டு. ஹெக்ஸில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் அதன் மெனுவுக்குள் நுழைந்தால் வெளியே வரத் தெரிந்த ஆள் பக்கத்தில் வேண்டும். உங்களுக்கு ஈஆர்605 போதும். விருந்தாளிகளின் வைஃபையை வி-லேன் (ஒரே கேபிளில் தனித்தனி நெட்வொர்க்) போட்டுப் பிரித்துவிடுங்கள். வந்து தங்கும் எல்லோரும் உங்கள் பில்லிங் கம்ப்யூட்டர் இருக்கும் அதே நெட்வொர்க்கில் உட்காரக் கூடாது.

கூடலூர், மளிகைக் கடைக்காரர்: ஆடி மழையில் மரம் விழுந்தால் லைன் போய்விடுகிறது, கார்டு மெஷின் நிற்கிறது. இரண்டு லைன் போடட்டுமா?

போடலாம். இரண்டு வேன் (WAN) போர்ட், அதாவது இன்டர்நெட் லைன் செருகும் போர்ட், உள்ள ரூட்டர் என்றால் ஒன்று போனதும் அடுத்ததற்குத் தானே மாறிக்கொள்ளும். ஆனால் இரண்டு கம்பெனி ஃபைபரும் ஒரே கம்பத்தில் தொங்கினால் ஒரே மரம் இரண்டையும் அறுக்கும். ஒன்று ஃபைபர், மற்றது 4ஜி சிம் போட்ட டப்பா என்று வையுங்கள்.

தேயிலை ஃபேக்டரி ஆபீஸிலிருந்து: ஆபீஸுக்கும் இலை எடை போடும் ஷெட்டுக்கும் 150 மீட்டர். கேட் 6 கேபிள் இழுக்கலாமா சார்?

கூடாது. கேட் 6 மாதிரி செம்பு நெட்வொர்க் கேபிளுக்கு 100 மீட்டர்தான் கணக்கு. அதைவிடப் பெரிய காரணம் இடி. முன்பு இரண்டு வீடுகளுக்கு நடுவே 40 மீட்டர் செம்புக் கேபிளை வெளியே கட்டிக் கொடுத்தேன். ஐப்பசியில் பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது. ஒரு வீட்டில் ரூட்டர், மறு வீட்டில் நெட்வொர்க் ஸ்விட்ச், டிவி, கேமரா பெட்டி எல்லாம் காலி. என் தப்புதான், பாதிச் செலவை நானே ஏற்றேன். அதிலிருந்து கட்டடம் விட்டுக் கட்டடம் போவது எதுவானாலும் ஃபைபர்தான். இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர், அதாவது ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் பெட்டி, வைத்தால் போதும். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. கேபிளுக்குள் தாங்குகம்பி இருந்தால் மட்டும் அதை முனையில் வெட்டிவிட்டு உள்ளே கொண்டுபோங்கள்.

ஊட்டியிலிருந்து ஒரு மாணவி: 200 எம்பிபிஎஸ் பிளான் அண்ணா, கேபிளில் 94க்கு மேல் ஏறவில்லை. கடைக்காரர் சொல்லி ரூட்டரையும் மாற்றிவிட்டோம்.

அந்த 94லேயே பதில் இருக்கிறது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் அதுதான் உச்சம். போர்ட் ஜிகாபிட்தானா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் கோளாறு கேபிளில். ஜிகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் 8 கம்பியும் வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் 100க்கு இறங்கிவிடும். இரண்டு முனையும் வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்யச் (பிளக்கை அழுத்திப் பொருத்தச்) சொல்லுங்கள். கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள், செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியமும் கடையில் கேட் 6 என்றே விற்கிறது.

குன்னூர், தையல் கடை அக்கா: கரன்ட் போனால் ரூட்டர் நிற்காமல் இருக்க?

மினி யுபிஎஸ் வாங்குங்கள் அக்கா. ஃபைபர் பெட்டி, ரூட்டர் இரண்டையும் அதில் செருக வேண்டும், ஒன்றை மட்டும் செருகினால் பயனில்லை. சில ரூட்டருக்கு 9 வோல்ட், சிலதுக்கு 12. அடாப்டரின் முதுகில் அச்சடித்திருக்கும், போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.