குதிரைவலு கூடினால் மட்டும் போதுமா?
வாகன வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் 2008 சுசுக்கி சுவிஃப்ற் ஸ்போர்ட், 1.6 மனுவல் இருக்கிறது. கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போகும்போது லொறியை முந்த இழுவை காணாது. 2007 ஃபொக்ஸ்வாகன் கோல்ஃப் ஜீ.ரி.ஐ ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. டேர்போ சுவிஃப்ற் ஸ்போர்ட்டையும் யோசிக்கிறேன். எதை எடுக்கலாம்?
– வாசகர், உப்புவெளி

பதில்: எடையிலிருந்து தொடங்குங்கள். உங்கள் வண்டி 125 குதிரைவலு, ஏறத்தாழ 1,060 கிலோ. கோல்ஃப் 200 குதிரைவலு என்றாலும் எடை 1,350 கிலோவைத் தாண்டும். 2017இல் யப்பானில் வெளிவந்த டேர்போ சுவிஃப்ற்றுக்கு வலு 140தான், எடையோ வெறும் 970 கிலோ. தொன்னுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் உங்களுடையது 118. மற்ற இரண்டும் 145 அளவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

முந்தும்போது கைகொடுப்பது முறுக்குவிசை, அதாவது எஞ்சின் சுழற்றித் தள்ளும் பலம். உங்கள் எஞ்சின் தன் 148 நியூட்டன் மீற்றரை நிமிடத்துக்கு 4,800 சுற்றில்தான் காட்டும். நான்காம் கியரில் மிதித்தும் வண்டி அசையாமல் நிற்பது அதனால்தான். மூன்றுக்கு இறக்கியே ஆக வேண்டும். டேர்போ சுவிஃப்ற் 2,500 சுற்றிலேயே 230 தரும். கோல்ஃப் 1,800 சுற்றிலிருந்தே 280 தரும். ஒன்று: காசைக் கொட்டுவதற்கு முன் உங்கள் கிளச்சைப் பாருங்கள். நான்காம் கியரில் முழுதாக மிதிக்கும்போது சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால், தட்டு தேய்ந்து வழுக்குகிறது. இழுவை குறைந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கோல்ஃப் நல்ல வண்டி, மறுக்கவில்லை. ஆனால் இந்த வயதில் அதை வாங்குகிறவர், வாங்கும் விலைக்கு மேலே முதல் பராமரிப்புக்கென்று தனியாகப் பணம் வைத்திருக்க வேண்டும். அந்த எஞ்சினில் உயரழுத்தப் பெற்றோல் பம்பியைக் கம்ஷாஃப்ற் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) நேரடியாகத் தள்ளுவதில்லை. இடையில் கிண்ணம் போன்ற சிறு உலோகத் துண்டு ஒன்று இருக்கிறது. அதன் கரும்பூச்சு தேய்ந்து ஓட்டை விழுந்தால் பம்பியின் தண்டு கம்ஷாஃப்ற்றையே அரைத்துவிடும். துண்டு மலிவு, கம்ஷாஃப்ற் மலிவல்ல. பெற்றோல் அழுத்தத்தை இறக்கிவிட்டுப் பம்பியின் மூன்று ஆணிகளைக் கழற்றினால் துண்டு கைக்கு வரும். வாங்கும் முன்பே திறந்து பார்க்கக் கேளுங்கள். பிறகு 30,000 கி.மீ.க்கு ஒரு முறை பாருங்கள்.

ரைமிங் பெல்ற் மாற்றியதற்குப் பில் இல்லையா? மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீர்ப்பம்பியும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். பெற்றோல் நேரே சிலிண்டருக்குள் பாய்வதால் உள்ளிழுக்கும் வால்வுகளைக் கழுவ எதுவுமில்லை, கரி படியும். காலையில் குளிர்ந்த எஞ்சின் தடுமாறினால் அதைச் சந்தேகியுங்கள். ஆறு கியர் டீ.எஸ்.ஜீ (இரட்டைக் கிளச் தானியங்கி கியர்பெட்டி) என்றால் 60,000 கி.மீ.க்கு ஒரு முறை கியர் ஒயிலும் வடிகட்டியும் மாற்றியிருக்க வேண்டும். மத்திய வீதி நெரிசலில் பத்து நிமிடம் ஊர்ந்து பாருங்கள். புறப்படும்போது உதறினால் விட்டுவிடுங்கள்.

கோல்ஃபின் பல பாகங்களுக்குக் கொழும்பைத்தான் எதிர்பார்க்க வேண்டும் என்பதால், திருகோணமலையில் தினமும் ஓட்டும் ஒருவருக்கு டேர்போ சுவிஃப்ற்றையே சொல்வேன். 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்படும் முன் வந்தவற்றுக்கு விலை கூடுதல்தான். என்றாலும் பணம் எங்கே போகிறது என்று தெரிந்து செலவழிக்கலாம்.

கேள்வி: டேர்போ வண்டிக்கு 92 பெற்றோல் அடித்தால் பழுதாகுமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: ஒரு தாங்கியில் பழுதாகாது. யப்பானிய டேர்போ சுவிஃப்ற் கேட்பது பிரீமியம் பெற்றோல். அங்கே அது 96 ஒக்ரேனுக்குக் குறையாது. நமக்கு எளிதில் கிடைப்பதில் அதற்கு நெருங்கியது 95. 92 ஊற்றினால் எரிபொருள் நேரத்துக்கு முன்பே வெடிக்கப் பார்க்கும். நொக் சென்சர் அதைக் கேட்டு ஸ்பார்க்கைப் பின்தள்ளும். வலு இறங்கும், பெற்றோல் கூடுதலாகப் போகும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உள்ளே போகும் காற்றே சூடாக இருப்பதால் நிலைமை இன்னும் மோசம். பெற்றோல் செற்றில் 95 இல்லாத நாளில் அளவோடு 92 அடித்து, குறைந்த சுற்றில் மேல் கியரில் முழுதாக மிதிக்காமல் ஓட்டுங்கள். எஞ்சின் ஒயிலை 5,000 கி.மீ.க்கு மேல் இழுக்க வேண்டாம்.

கேள்வி: வலுக் கூடிய வண்டி வாங்கியவுடன் முதலில் எதைச் செய்ய வேண்டும்?
– வாசகர், நிலாவெளி

பதில்: பிரேக். வேகம் 70இலிருந்து 100 ஆனால் நிறுத்த வேண்டிய சக்தி இரண்டு மடங்காகிறது. ஹபரணைக் காட்டு வீதியில் யானையும், உங்கள் வீதியில் இரவில் மாடும் திடீரென்று நிற்கும். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் சூட்டில் கொதித்துப் பெடல் அமிழ்ந்து போகும். டொட் 4 வகைப் பிரேக் ஒயில் ஒரு லீற்றர் வாங்கி நான்கு சில்லிலும் பழையதை முழுதாக வெளியேற்றுங்கள். பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை போதும். ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பூ எவ்வளவு மிச்சமிருந்தாலும் அவ்வளவு பழையதை நம்ப வேண்டாம்.

கடற்காற்று உங்களுக்குத் தெரிந்ததுதான். லிஃப்ற்றில் ஏற்றிப் பிரேக் குழாய்களையும் பின் அச்சையும் துருவுக்குப் பாருங்கள். வாரம் ஒரு முறை அடிப்பக்கத்துக்குத் தண்ணீர் அடியுங்கள். வீட்டுக் கிணறு சவர் என்றால் அந்தத் தண்ணீரைத் தொடாமல், குழாய்த் தண்ணீரிலேயே கழுவுங்கள்.